நஷ்டம் சைபர்னு எழுதினது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை யானை மனுஷன் மோதல் பத்தி நீங்க போட்டிருந்த முழுப் பக்க கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். எத்தனை ஏக்கர் பயிர் போச்சு, எத்தனை கிலோமீட்டர் சோலார் வேலி போடணும், அகழி எவ்ளோ ஆழம் வெட்டணும்னு எல்லாம் இருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா காட்டோரத்துல குடியிருக்கற ஆளு ஒருத்தர் கூட அந்தப் பக்கத்துல ஒரு வரி பேசல. நிபுணர்கள் நாலு பேர் பேசியிருக்காங்க, யானை போட்டோ மூணு இருக்கு, அந்த ஊர்க்காரங்க போட்டோ கூட இல்ல. அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், எடிட் பண்ணிக்கங்க, ஆனா அந்த அம்மா சொன்னத மட்டும் வெட்டிடாதீங்க ப்ளீஸ்.

நான் நிபுணர் எல்லாம் இல்ல சார். டிகிரி முடிச்சுட்டு வேலை கிடைக்காம சுத்திட்டு இருந்த சமயத்துல ஒரு ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல சர்வே எடுக்கற ஆளா ஒரு அறுவடை சீசன் முழுக்க வேலை பார்த்தேன். காட்டை ஒட்டின ஊருங்கள்ல வீடு வீடா போய் கேள்வித்தாளை வச்சு கேட்டு கேட்டு எழுதணும், அவ்ளோதான் வேலை. பதினாலு பக்கம் அது. முதல் பக்கத்துலயே குடும்பத்துல எத்தனை பேர், நிலம் எவ்ளோ, கடந்த 12 மாசத்துல யானையால எத்தனை தடவை பயிர் நாசமாச்சு, நஷ்டம் எவ்ளோன்னு வரும்.

ஒரு வீட்ல வயசான அம்மா ஒருத்தங்க திண்ணைல உக்காந்திருந்தாங்க. நிலம் இருக்குன்னாங்க. யானை வந்துச்சான்னு கேட்டேன், வராம என்னன்னாங்க. நஷ்டம் எவ்ளோம்மான்னு கேட்டேன். "நஷ்டம் ஒண்ணும் இல்லப்பா"ன்னாங்க. நானும் சந்தோஷமா சைபர்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன், ஒரு நாளைக்கு பத்து ஃபார்ம் முடிக்கணும்னு டார்கெட் வேற. நாலஞ்சு கேள்வி தள்ளி எதுக்கோ பேச்சு வந்தப்ப தான் சொன்னாங்க, காட்டுப் பக்கம் இருக்கற நிலத்துல மூணு வருஷமா எதுவுமே போடறதில்லையாம். ஏன்னு கேட்டா, "விதைச்சாத்தானேப்பா நஷ்டம்."

சார், அந்த ஃபார்ம்ல அந்த பதிலை எழுத இடமே இல்ல. கட்டம் ஒண்ணுதான், அதுல நம்பர் தான் போடணும். மூணு வருஷமா தரிசா கிடக்கற நிலம் கணக்குப்படி நஷ்டம் சைபர். மகன் டவுனுக்கு வேலைக்கு போயிட்டான், ராக்காவலுக்கு ஆள் இல்ல, அதனால தான் விதைக்கறத நிறுத்தினதே. கட்டிலை சமையல்கட்டு சுவர் ஓரத்துல இருந்து வீட்டுக்கு நடுவுல இழுத்துப் போட்டிருந்தாங்க, தானிய மூட்டை வாசனைக்கு யானை சுவரை இடிச்சா தலை மேல விழக்கூடாதுன்னு. டார்ச் தலகாணிக்கு அடியில. ராத்திரி நாய் குரைச்சா அது யானைக்கு குரைக்குதா வேற எதுக்கு குரைக்குதான்னு குரலை வச்சே சொல்லிடுவேன்னாங்க, அப்போ அந்த அம்மா எத்தனை ராத்திரி தூங்காம அந்த நாயை கேட்டுட்டு படுத்திருக்கணும்னு எனக்கு அன்னிக்கு தோணல, ஃபார்ம் முடிஞ்சா சரின்னு எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ரிப்போர்ட் பிடிஎஃப்பா கண்ணுல பட்டுச்சு, முழுக்க இங்கிலீஷ். மேப் ஒண்ணு இருந்துச்சு, சிவப்புப் புள்ளி அதிக பாதிப்பு, பச்சை குறைஞ்ச பாதிப்பு. அந்த ஊரு பச்சை.

அந்த பச்சைல என் கையெழுத்தும் இருக்கு, அதான் உறுத்துது.

இது நான் மட்டும் கண்டுபிடிச்ச விஷயம் இல்லைன்னு பின்னாடி படிச்சப்ப தான் தெரிஞ்சுது. இந்த மாதிரி கணக்குல வராத நஷ்டத்தை பத்தி ஆராய்ச்சி பண்றவங்க ரொம்ப நாளா சொல்லிட்டு தான் இருக்காங்க. அசாம்ல மான் பரூவா, சுஷ்ருத் ஜாதவ்னு ரெண்டு பேர் 2012, 2013 வாக்குல எழுதியிருக்காங்க, யானை தாக்கி ஒருத்தர் செத்துட்டா செய்தி அதோட முடிஞ்சுடுது, ஆனா அந்த வீட்ல மிச்சம் இருக்கறவங்க மனசு உடைஞ்சு, வைத்தியமும் இல்லாம, கடன்லயும் குடிலயும் எப்படி முங்கிப் போறாங்கன்னு யாரும் பாக்கறதில்லன்னு. உத்தராகண்ட்ல ராஜாஜி காட்டை ஒட்டின ஊர்ல நடந்த ஆய்வுல பொம்பளைங்களுக்கு தான் சுமை ஜாஸ்தின்னு வந்துச்சு. பயிர் போனா முதல்ல தன்னோட தட்டுல குறைச்சுக்கறது அவங்க, விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள்ள போறதும் அவங்க. நாங்க எடுத்த சர்வேல 'குடும்பத் தலைவர்'கிட்ட தான் கேக்கணும்னு ரூல். தலைவர் வெளிய போயிருந்தா திரும்ப வந்து கேளுன்னு சொல்லி அனுப்புவாங்க. ராத்திரி பூரா முழிச்சிருந்தவங்க வாசல்லயே நிப்பாங்க.

நஷ்ட ஈடு கொடுத்தா தீர்ந்துச்சுன்னு உங்க கட்டுரைல ஒரு நிபுணர் சொல்லியிருக்கார். கொடுக்கணும் தான், வேணாம்னு யாரு சொன்னா. ஆனா மனு எழுதறது, போட்டோ எடுக்கறது, ஆபீசர் வந்து பாக்கற வரைக்கும் மிதிபட்ட பயிரை அப்படியே போட்டு வைக்கறது, பட்டா கேக்கறது, பட்டா இல்லாத குத்தகைக்காரன் என்ன பண்றது, ஒவ்வொரு தடவை ஆபீஸ் போகும்போதும் ஒரு நாள் கூலி போறது, இதெல்லாம் கூட்டினா பல பேர் எழுதியே போடறதில்ல. எழுதிப் போடலன்னா ரெக்கார்டுல நஷ்டம் இல்ல. கென்யால 2013ல புது வனவிலங்கு சட்டம் கொண்டு வந்து இழப்பீட்டை பெருசா ஏத்தினாங்க, ஏத்தினதுக்கப்புறம் மனுக்கள் வருஷக்கணக்கா தேங்கி நின்னுச்சு.

அதுக்காக நஷ்டம் ஜாஸ்தியானா கோவம் ஜாஸ்தின்னு ஒரு நேர்க்கோடு போடவும் முடியாது. உகாண்டால கிபாலே காட்டை சுத்தி 1990கள்ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. வயலுக்குள்ள எந்த மிருகம் எவ்ளோ தின்னுதுன்னு அளந்து பாத்தாங்க. பபூன் குரங்கு அடிக்கடி வருது, ஊர் ஆடு மாடும் நிறைய மேயுது, யானை அரிதா தான் வருது, ஒரு சில வயலுக்கு தான் வருது. ஆனா ஜனங்க வாய்ல முதல்ல வர்ற பேரு யானை தான். ஏன்னா யானை வந்தா ஒரே ராத்திரில வருஷத்து உழைப்பு போயிடும், ஆள் உயிரும் போகலாம். இன்னொரு காரணம் தான் எனக்கு ரொம்ப பிடிச்சுது. ஆடு மேஞ்சா ஆட்டுக்காரன் யாருன்னு தெரியும், போய் சட்டையப் பிடிச்சு கேக்கலாம், பேசி வாங்கலாம். யானை சர்க்கார் சொத்து. அதை தொடவும் முடியாது, அதோட ஓனரைப் போய் பாக்கவும் முடியாது. எங்க சர்வேலயும் ஒரு பெரியவர் "உங்க யானை உங்க யானை"ன்னே பேசிட்டு இருந்தார், நான் ஏதோ காட்டு ஆபீஸ்ல இருந்து வந்தவன் மாதிரி. அன்னிக்கு எங்க வண்டி ரிப்பேர், வனத்துறை ஜீப்ல லிஃப்ட் வாங்கி தான் போயிருந்தோம், அதை அவர் பாத்துட்டார் போல. அந்த ஊர்ல அன்னிக்கு எடுத்த அத்தனை ஃபார்ம்லயும் 'யானைகள் பாதுகாக்கப்பட வேண்டும்'ங்கற வரிக்கு எல்லாரும் முழுமையா ஒத்துக்கறாங்க! ஜீப்ல வந்தவன்கிட்ட வேற என்ன சொல்லுவாங்க. வேற ஊர்ல நடந்து போனப்ப ஒருத்தர் சொன்னார், "பாதுகாங்க, யாரு வேணாம்னா, எங்க தோட்டத்துல வச்சு பாதுகாக்காதீங்க." அதுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எத்தனை மார்க் போடறதுன்னு தெரியாம மூணு போட்டேன்.

சரி, வேலி விஷயத்துக்கு வரேன், உங்க கட்டுரையோட மெயின் மேட்டரே அதானே.

மின்வேலிய நான் தப்பு சொல்லல. ஆனா வேலிங்கறது கம்பியும் பேட்டரியும் மட்டும் இல்ல, தினமும் காலைல எந்திரிச்சு அதை ஒரு சுத்து சுத்தி பாக்கற ஆளும் சேர்ந்தது தான் வேலி. புல்லு வளந்து கம்பிய தொட்டா கரண்ட் இறங்கிடும். மரக்கிளை விழுந்தா போச்சு. யானைக்கோ மூளை ஜாஸ்தி, தந்தத்துல ஷாக் அடிக்காதுன்னு கண்டுபிடிச்சு கம்பிய தூக்கும், மரத்தை சாய்ச்சு போட்டு அது மேல ஏறி வரும், கம்பத்தை உதைச்சு தள்ளும். இலங்கைல 4,000 கிலோமீட்டருக்கு மேல வேலி போட்டிருக்காங்க சார். அப்படியும் 2023ல அங்க 400க்கு மேல யானையும் 150க்கு மேல மனுஷங்களும் செத்திருக்காங்க. காரணம் என்னன்னு பாத்தா, நிறைய வேலிய சரணாலயத்தோட எல்லைக்கோட்டுல போட்டாங்க. அது மேப்ல இருக்கற கோடு. யானைக்கு அந்த கோடு தெரியாது, வேலிக்கு உள்ள பாதி யானை, வெளிய பாதி யானை. அங்க யானை நடமாடற இடத்துல கிட்டத்தட்ட 70 சதவீதத்துல ஜனங்களும் குடியிருக்காங்க, அப்போ எல்லைல வேலி போட்டு யாரை யார்கிட்ட இருந்து பிரிக்கறது?

அதே இலங்கைல கல்கமுவங்கற ஊர் பக்கம் பிருதிவிராஜ் பெர்னாண்டோன்னு ஒரு யானை ஆராய்ச்சியாளரோட குழு இதை அப்படியே திருப்பி போட்டாங்க. யானைய வேலிக்குள்ள அடைக்கறதுக்கு பதிலா ஊரை சுத்தி வேலி, வயலை சுத்தி வேலி. ஊர்க்காரங்களே சங்கம் மாதிரி சேர்ந்து, கை காசும் போட்டு, முறை வச்சு பாத்துக்கறாங்க. வயல் வேலி நெல்லு நிக்கற வரைக்கும் தான், அறுத்ததும் கழட்டி எடுத்து வச்சுடுவாங்க, அப்புறம் யானை உள்ள வந்து தாளை மேஞ்சுட்டு போகட்டும்னு விட்டுடறாங்க. இது ரொம்ப சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா முறை வச்சு பாக்கறதுக்கு ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் பேச்சு இருக்கணும், முறை தவறினவனை கேக்க ஆள் இருக்கணும், வேலிக்கு வெளிய நிலம் மாட்டிக்கிட்டவனுக்கு என்ன பதில்னு யாராவது உக்காந்து பேசியிருக்கணும். இதுக்கு தான் சார் சமூக ஆராய்ச்சி வேணும்ங்கறது. வேலி போட்டுட்டு 'திருப்தியா இருக்கீங்களா'ன்னு கேக்கறதுக்கு இல்ல, எங்க போடறதுங்கறதுக்கு முன்னாடியே கேக்கறதுக்கு.

கேள்விய சரியா கேட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு, அதை உங்க கட்டுரை விட்டுட்டது தான் எனக்கு ஆச்சரியம். வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலம், பூரா டீ எஸ்டேட், நடுநடுவுல துண்டு துண்டா மழைக்காடு. யானை இந்த துண்டுல இருந்து அந்த துண்டுக்கு டீச்செடி வழியா தான் போகணும், வேலி போட்டெல்லாம் தடுக்க முடியாத இடம். அங்க நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்ங்கற காட்டுயிர் ஆராய்ச்சி அமைப்புல ஆனந்த குமார் குழு வருஷக்கணக்கா யானை பின்னாடியும் போனாங்க, ஜனங்ககிட்டயும் உக்காந்தாங்க. ஆளுங்க எப்படி சாகறாங்கன்னு ஒவ்வொரு கேஸா பாத்தா, பெரும்பாலும் யானை அங்க நிக்குதுன்னே தெரியாம நேரா போய் மோதிக்கிட்டவங்க. இருட்டுன பிறகு வேலை முடிஞ்சு பஸ்ல இறங்கி ரோட்டுல நடந்து வர்றவங்க. அப்போ பிரச்னை யானை வர்றதுல இல்ல, வந்திருக்குன்னு தெரியாததுல இருக்கு!

அதுக்கப்புறம் அவங்க பண்ணினது எல்லாமே செய்தி சொல்ற வேலை தான். முதல்ல லோக்கல் கேபிள் டிவில கீழ ஓடற வரியா போட்டாங்க, இன்னிக்கு சாயங்காலம் யானை இந்த எஸ்டேட்ல இருக்குன்னு. அப்புறம் போனுக்கு எஸ்எம்எஸ், படிக்கத் தெரியாதவங்களுக்கு குரல்ல சொல்ற கால். அப்புறம் முக்கியமான திருப்பங்கள்ல உயரமா ஒரு கம்பத்துல சிவப்பு லைட், யானை பக்கத்துல நின்னா அது எரியும், தூரத்துலயே பாத்துட்டு நின்னுக்கலாம். அந்த லைட்டை ஆன் பண்றது யாருன்னா அந்தந்த இடத்துல இருக்கற ஜனங்களே, தன்னோட மொபைல்ல இருந்து. உயிரிழப்பு நல்லாவே குறைஞ்சுது, 2015ல ஆனந்த குமாருக்கு வனவிலங்கு பாதுகாப்புக்கு கொடுக்கற விட்லி விருதும் கிடைச்சுது. எனக்கு விருதை விட அந்த லைட்டு விஷயம் தான் பெருசா படுது. 'உங்க யானை'ன்னு சொல்லிட்டு இருந்த ஆளு கையில அந்த சுவிட்ச் இருக்கும்போது அவர் பேச்சு வேற மாதிரி ஆகுமா ஆகாதா? ஆகும்னு தான் நான் நினைக்கறேன்.

தேனீப் பெட்டி வேலி, மிளகாய்ப் புகை இதெல்லாம் பத்தியும் நீங்க பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. யானைக்கு தேனீன்னா பயம், அதனால வயலை சுத்தி தேனீப் பெட்டிய தொங்க விடறது தான் தேனீ வேலி. கென்யால சாவோ பக்கம் லூசி கிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஆரம்பிச்ச அந்த வேலி நல்லாவே வேலை செஞ்சிருக்கு, பக்கத்துல வந்த யானைல பெரும்பாலானது திரும்பிப் போச்சு, தேனும் கிடைச்சுது. ஆனா வறட்சி வந்தப்ப தேனீ பெட்டிய காலி பண்ணிட்டு போயிடுச்சு, அதை எழுதாம விட்டுட்டா எப்படி? மிளகாய்க்கும் அதே கதை தான், ராத்திரி யாராவது முழிச்சிருந்து புகை போடணும். யாரு முழிச்சிருக்கறதுங்கற கேள்வி சுத்தி சுத்தி அங்கயே தான் வந்து நிக்குது.

அப்புறம் 'சமூகப் பங்கேற்போடு கூடிய பாதுகாப்பு'ன்னு கடைசி பத்தில அழகா ஒரு வரி. அந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு கொஞ்சம் பயம் சார். ஜிம்பாப்வேல 1980கள் கடைசில கேம்ப்ஃபயர்னு ஒரு திட்டம் வந்துச்சு, வனவிலங்கால வர்ற வருமானம் அங்க வாழறவங்களுக்கே போகணும்னு. ஐடியா அருமை. ஆனா அதிகாரம் ஊருக்கு வராம மாவட்ட கவுன்சில்லயே நின்னுடுச்சு, பணமும் நிறைய இடத்துல அங்கயே தங்கிடுச்சுன்னு தான் விமர்சனம். நமீபியால 1996ல சட்டத்தை திருத்தி ஊர்ச் சமூகமே காப்பகம் அமைச்சு வனவிலங்க நிர்வகிக்கலாம்னு உரிமைய நேரா கொடுத்தாங்க, இப்போ 80க்கு மேல அந்த மாதிரி இருக்கு, டூரிஸ்ட் லாட்ஜ்லயும் வேட்டை லைசன்ஸ்லயும் வருமானம் வருது. (வேட்டைல வர்ற காசு சரியான்னு ஒரு பெரிய சண்டை இருக்கு, அதுக்குள்ள நான் போகல.) அங்கயும் ஒரு சிக்கல் தீரல. வருமானம் எல்லாருக்கும் பொதுவுல வருது, யானை மிதிக்கறது ஓரத்துல இருக்கற நாலு வீட்டு வயலை. ஊர்ப் பொதுவுக்கு லாபம்னா அந்த நாலு வீட்டுக்கும் லாபம்னு ஆயிடாது. 'சமூகம்'னு ஒரே சொல்லா சொல்லிட்டா அந்த நாலு வீடு அதுக்குள்ள மறைஞ்சு போயிடும், என் ஃபார்ம்ல அந்த அம்மா மறைஞ்ச மாதிரி.

யானை பக்கமும் சொல்லணும், இல்லன்னா நான் ஏதோ யானைக்கு எதிரி மாதிரி ஆயிடும். பெரிய யானைக்கு நாளைக்கு சுமார் 150 கிலோ தீனி வேணும். காடு துண்டு துண்டா ஆயிட்டப்ப, பயிர் இருக்கற வயல் அதுக்கு கொஞ்ச நேரத்துல நிறைய கிடைக்கற இடம். 1980கள்ல யானை ஆராய்ச்சியாளர் ராமன் சுகுமார் பண்ணின ஆய்வுலயே ஆண் யானைங்க தான் இந்த ரிஸ்க்கை அதிகமா எடுக்குதுன்னு வந்துச்சு. இந்தியால வருஷத்துக்கு 500 பேருக்கு மேல யானையால சாகறாங்க, யானைங்களும் கரண்ட்லயும் ரயில்லயும் விஷத்துலயும் சாகுது. இதுல யாரும் வில்லன் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா உங்க பேப்பர்ல தலைப்பு மட்டும் 'ஒற்றை யானை அட்டகாசம்', 'யானைகள் அட்டூழியம்'னே வருது. ரவுடிய பத்தி எழுதற மாதிரி.

உங்ககிட்ட கேக்கறது ரெண்டே விஷயம். காட்டோர ஊர்ல இருந்து யாராவது அடிபட்டாங்கன்னு செய்தி வந்தா, யானை அங்க இருக்கறது முன்னாடியே யாருக்காவது தெரியுமா, தெரிஞ்சிருந்தா அது ஏன் அந்த ஆளுக்கு போய்ச் சேரலன்னு உங்க நிருபரை விசாரிச்சு ரெண்டு வரி சேத்து போடச் சொல்லுங்க. அட்டகாசம்ங்கற வார்த்தைய எடுத்தா அந்த ரெண்டு வரிக்கு இடம் கிடைச்சுடும்.

இன்னொண்ணு, இந்த மாதிரி ஆராய்ச்சி ரிப்போர்ட் எது வந்தாலும் அதோட சுருக்கத்தை தமிழ்ல ஒரு அரைப் பக்கம் போடுங்க. கேள்விக்கு பதில் சொன்னவங்க அவங்க ஊரு எந்த கலர்ல இருக்குன்னாவது பாக்கட்டும். மொழிபெயர்க்க ஆள் வேணும்னா நான் வரேன், காசு வேணாம். முதல்ல அந்த பச்சைப் புள்ளி ரிப்போர்ட்டையே எடுத்துக்கறேன், அந்த ஊருக்கு ஒரு காப்பி நானே கொண்டு போய் கொடுக்கறேன், இந்த தடவை பஸ்ல இறங்கி நடந்து.

இப்படிக்கு,
ஒரு பழைய சர்வே ஆள்